வணிகத் துறையில் முதுமாணி: மலையகப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கும் முன்னர் செய்ய வேண்டியவை

வணிகமாணிப் பட்டம் பெற்று, ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வேலை பார்த்துக்கொண்டே முதுமாணி படிக்க எண்ணுகிறவர்கள் முதலில் விசாரிப்பது கட்டணத்தையும் விண்ணப்ப முடிவுத் திகதியையும்தான். அவை தேவையானவையே. ஆனால், படித்து முடிப்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எவற்றைச் செய்ய முடிய வேண்டும் என்று சொல்லும் 'கற்றல் பேறுகள்' என்ற பகுதியைப் பாடநெறிக் கையேட்டில் பலர் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒப்படையும் பரீட்சையும் ஆய்வும் அந்தப் பகுதியை வைத்தே மதிப்பிடப்படுவதால், விண்ணப்பிக்கும் முன்னரே அதை வாசிப்பது நல்லது என்பது என் கருத்து. கீழுள்ள படிகள் அதற்கேற்ப அமைந்துள்ளன.

முதலாம் படி: மட்டத்தை அறியுங்கள்

நாட்டின் கல்வித் தகைமைகளைத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 12 மட்டங்கள் உள்ளன. பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் மட்டம், அதற்கு 20 கிரெடிட் (கற்றலின் அளவைக் காட்டும் அலகு). பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், 25 கிரெடிட். முதுமாணி இரண்டு மட்டங்களில் வருகிறது. பாடங்களை மட்டும் கற்று முடிக்கும் முதுமாணி 9ஆம் மட்டத்தில் 30 கிரெடிட் கொண்டது. குறைந்தது 15 கிரெடிட் ஆய்வையும் உள்ளடக்கிய முதுமாணி 10ஆம் மட்டத்தில் 60 கிரெடிட் கொண்டது. முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம்.

பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து 9ஐயும் 10ஐயும் பிரித்தறிய முடியாது. வங்கியிலோ தனியார் கம்பனியிலோ பதவி உயர்வை நாடுகிறவருக்கு 9ஆம் மட்டம் போதுமானதாக இருக்கலாம். பல்கலைக்கழக விரிவுரையாளராகவோ கலாநிதிப் பட்ட மாணவராகவோ வர விரும்புகிறவர், ஆய்வு இல்லாத முதுமாணியில் சேர்ந்து இரண்டு வருடத்தைச் செலவிட்ட பின்னர் அந்தக் குறையைத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஆகவே, கையேட்டில் மட்டத்தின் எண்ணைத் தேடி ஒரு தாளில் குறித்துவைத்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் தகைமையை அதனோடு ஒப்பிடுங்கள்

9ஆம் மட்டத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட இளமாணிப் பட்டம் அடிப்படைத் தேவையாகும். 10ஆம் மட்டத்துக்குச் சிறப்புப் பட்டம் நேரடி வழி. பொதுப்பட்டம் பெற்றவரிடம் நல்ல தரப்புள்ளிச் சராசரியையோ (GPA), முன்னர் முடித்த பட்டப்பின் டிப்ளோமாவையோ கேட்பது வழக்கம். வெளிவாரிப் பட்டம் பெற்றவர்கள் தயங்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த பட்டமா என்பதே இங்கு கேள்வி. பட்டயக் கணக்காளர் போன்ற தொழிற்றகைமையைச் சில நிறுவனங்கள் வேலை அனுபவத்தோடு சேர்த்து ஏற்கின்றன. கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா மட்டும் உள்ளவர், தாம் சேர விரும்பும் நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டுப் பதிலைக் கையில் வைத்திருப்பது நல்லது. தொலைபேசியில் கிடைக்கும் 'பிரச்சினை இல்லை' என்ற பதில் நேர்முகத் தேர்வில் செல்லாது.

மூன்றாம் படி: கற்றல் பேறுகளை வாசியுங்கள்

சட்டகம் கற்றல் பேறுகளை அறிவு, திறன்கள், மனப்பாங்கும் விழுமியங்களும், சிந்தனைப் போக்கு என நான்கு கூறுகளாக வகுக்கிறது. பாட அறிவோடு தொடர்பாடல், குழுவாக இயங்குதல், தகவலைக் கையாளுதல், தொழில்நெறி, வாழ்நாள் முழுதும் கற்றல் முதலியவையும் இவற்றுள் அடங்கும். பட்டப்படிப்பில் விளக்குவதும் பிரயோகிப்பதும் பெரும்பாலும் போதும். முதுமாணியில் ஒரு நடைமுறையைக் கேள்விக்கு உட்படுத்தி, ஆதாரத்தோடு தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நம்மூர்த் தேயிலைச் செடியையே உதாரணமாக எடுப்போம். 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தேயிலைச் செடி இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16இன் கீழ் ஆதனம், பொறி, உபகரணம் என்ற வகையில் சேர்கிறது; கிரயத்தில் பதிந்து, ஆண்டுதோறும் பெறுமானத்தேய்வு கழிக்கலாம். செடியில் நிற்கும் கொழுந்து மட்டும் நியமம் 41இன் கீழ், விற்பனைச் செலவு கழித்த நியாயப் பெறுமதியில் அளவிடப்படும். இதற்கான பதிவுகளைச் சரியாக எழுதுவது பட்டதாரியின் வேலை. இரண்டு பெருந்தோட்டக் கம்பனிகள் தத்தம் செடிகளுக்கு வெவ்வேறு ஆயுட்காலம் எடுத்திருந்தால், அவற்றின் இலாபத்தை அப்படியே ஒப்பிடலாமா, எந்த மதிப்பீடு நியாயமானது, முதலீட்டாளருக்கு அது எங்கே வெளிப்படுத்தப்பட்டுள்ளது என்று வாதிடுவது முதுமாணி மாணவரின் வேலை. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஒன்றை இறக்கி, கணக்கீட்டுக் கொள்கைகள் பற்றிய குறிப்பை வாசித்து, உங்களால் இரண்டு பக்கம் வாதமாக எழுத முடிகிறதா என்று பாருங்கள். நுழைவுப் பரீட்சைக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

முதுமாணிப் பாடநெறிகள் பெரும்பாலும் ஆங்கில மொழிமூலமே நடைபெறுகின்றன. தமிழ்மொழி மூலம் படித்தவர்கள் மத்திய வங்கி 2022ஆம் ஆண்டுக்கானது வரை மூன்று மொழிகளிலும் வெளியிட்ட வருடாந்த அறிக்கையின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் அருகருகே வைத்து, நாளொன்றுக்கு ஒரு பக்கம் வாசித்துவந்தால் கலைச்சொற்கள் தாமாகவே பழகிவிடும்.

நான்காம் படி: நேரத்தைக் கணக்கிடுங்கள்

பாடவேலையில் ஒரு கிரெடிட் 50 கற்றல் மணித்தியாலத்துக்குச் சமம். ஆய்வில் அது 100. விரிவுரை, சுயகற்றல், ஒப்படை, பரீட்சை எல்லாம் இதனுள் அடங்கும். 30 கிரெடிட்டுக்கு 1,500 மணித்தியாலம் ஆகிறது. இரண்டு வருடத்துக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 15. பாடவேலை 45, ஆய்வு 15 எனப் பிரிந்த 60 கிரெடிட்டுக்கு 3,750 மணித்தியாலம். அதே இரண்டு வருடத்தில் வாரத்துக்கு 36. வேலையில் இருப்பவர் இதை மூன்று வருடத்துக்கு நீட்ட அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்குப் போய்வரும் நேரம் இந்தக் கணக்கில் இல்லை. பதுளைப் பக்கம் இருப்பவர்கள் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடம் எந்தப் பாடநெறிகளுக்கு விண்ணப்பம் கோருகிறது என்று முதலில் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: ஆய்வு முன்மொழிவைச் சுருக்குங்கள்

10ஆம் மட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்கே இந்தப் படி. 'பெருந்தோட்ட மக்களின் பொருளாதார நிலை' என்பது ஆய்வுத் தலைப்பாகாது. ஒருவர் வாழ்நாளில் முடிக்கக்கூடிய வேலையும் அன்று. தோட்டச் சம்பள நாளை நம்பிச் சாமான் கடனாகக் கொடுக்கும் நகரத்துக் கடைக்காரர், கொப்பியில் எழுதிய கடனை எத்தனை நாளில் வசூலிக்கிறார், அதற்கிடையில் மொத்த வியாபாரிக்கு எப்படிப் பணம் கட்டுகிறார் என்று கேட்டால், அது தொழிற்படு மூலதனம், அதாவது வியாபாரத்தை அன்றாடம் நடத்தத் தேவையான பணம், பற்றிய ஆய்வாகிவிடும். ஒரு நகரம், ஒரு வகைக் கடை, ஒரு வருடக் கொப்பிகள் என எல்லை போடுங்கள். கடைக்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெறுவதையும், வாங்கியவர்களின் பெயர்களை மறைப்பதையும் முன்மொழிவிலேயே குறிப்பிடுங்கள்.

ஆறாம் படி: ஆவணங்கள்

பட்டச் சான்றிதழ், விரிவான பெறுபேற்றுப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேவைக் கடிதம், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படும். தோட்டப்புறத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருப்பது நம்மிடையே மிகச் சாதாரணம். அப்படியானால் இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, இணைக்கலாமா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பெறுபேற்றுப் பத்திரத்தை நீங்கள் படித்த பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று சில நிறுவனங்கள் கேட்பதால், அதற்கான கோரிக்கையை விண்ணப்பம் திறக்கும்வரை காத்திராமல் இப்போதே அனுப்பிவிடுங்கள்.