‘காமிக்ஸ்ல அப்படி இல்ல’: சூப்பர்ஹீரோ பட விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூலையில் ஜேம்ஸ் கன்னின் சூப்பர்மேன் படம் வந்ததிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் புதுப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சாயங்காலம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு, காந்தி சிலையைத் தாண்டி ஓரமாக உட்கார்ந்து, பார்த்த படத்தையும் படித்த காமிக்ஸையும் பேசுவோம். முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர்கள் சிலர், மார்வெல் படங்களை மட்டும் பார்த்தவர்கள் பலர், கடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் கொஞ்சம் பேர். பேச்சு சண்டையாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை ரொம்ப வருஷமாக என்னிடம்தான்.

பழைய ஆட்கள் நாங்கள் ஆரம்பத்தில் எங்கெங்கே வழுக்கினோமோ, புதுப் பிள்ளைகளும் சரியாக அங்கேயே வழுக்குகிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். படம் பார்க்காதவரிடம் முடிவைச் சொல்லாதே, எதிரில் இருப்பவரைத் திட்டாதே என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டீசருக்கு முன்பே தீர்ப்பு

மைக்கேல் கீட்டன்தான் பேட்மேன் என்று அறிவித்தபோது வார்னர் நிறுவனத்துக்கு எதிர்ப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன. 1989-ல் படம் வந்தது, கடிதம் போட்டவர்களும் போய்ப் பார்த்தார்கள். ஹீத் லெட்ஜர்தான் ஜோக்கர் என்றபோதும் இதே கூச்சல். அந்த ஜோக்கருக்கு 2009-ல் ஆஸ்கர் கிடைத்தது. வாங்குவதற்கு அவர் உயிரோடு இல்லை.

உயரம், தலைமுடி, உடை

காமிக்ஸில் வுல்வரின் என்ற ஹீரோ 5 அடி 3 அங்குலம். படத்தில் அவனாக நடித்த ஹ்யூ ஜாக்மேன் 6 அடிக்கு மேல். 2000-லிருந்து அவரைத் தவிர வேறு வுல்வரினை நம்மால் நினைக்க முடியவில்லை. அளவு நாடாவை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

‘காமிக்ஸ்ல அப்படி இல்ல’

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இது. மற்றதெல்லாம் பேச்சைக் கொஞ்சம் கெடுக்கும். இது பேச்சையே முடித்துவிடும்.

கன்னின் படத்தில், கிரிப்டான் கிரகத்துப் பெற்றோர் (அப்பா பெயர் ஜோர்-எல்) விட்டுப்போன செய்தியில் பாதியை மட்டும் கேட்டு, அதையே பிடிமானமாக வைத்து வளர்ந்திருக்கிறான் கிளார்க், அதாவது சூப்பர்மேன். சேதமாகிப்போன மீதிப் பாதியை வில்லன் லெக்ஸ் லூதர் மீட்டெடுத்து ஊருக்கே போட்டுக் காட்டுகிறான். பூமியை ஆள வேண்டும், பல பெண்களை மணந்து கிரிப்டான் வம்சத்தைப் பெருக்க வேண்டும் என்கிறது அது. படம் வந்த சமயத்தில் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்திருந்த ஒரு நர்சிங் மாணவி, கை தூக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் கேட்டாள்: “அப்பா அம்மா சொன்னதே தப்புன்னு ஆனப்புறமும் அவன் நல்லவனாவே இருந்தா, அப்பதானே அண்ணா அது அவனோட சொந்த முடிவு ஆகும்? முன்னாடி வரைக்கும் சொன்னதைச் செஞ்ச பிள்ளை, அவ்வளவுதானே?”

அன்றைய கூட்டத்தில் கேட்ட பேச்சிலேயே உருப்படியான பேச்சு அதுதான். அதை யாராவது பிடித்துக்கொண்டு மேலே போயிருக்க வேண்டும். அதற்குள் எங்கள் கூட்டத்தில் நிறையப் படித்தவர் ஒருவர் குறுக்கே வந்தார். “காமிக்ஸ்ல ஜோர்-எல் அப்படி இல்லம்மா. காமிக்ஸ் படிச்சிருக்கியா?” இல்லை என்று தலையாட்டினாள். அதோடு சரி. கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. அடுத்த வாரம் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்னதும் சரியில்லை. எந்தக் காமிக்ஸ்? சூப்பர்மேன் கதை 1938-ல் தொடங்கியது. சீகலும் ஷஸ்டரும் எழுதி வரைந்த அந்த முதல் கதையில் குழந்தையை விண்கலத்தில் ஏற்றி அனுப்பும் அப்பாவுக்குப் பெயர்கூடக் கிடையாது. 1986-ல் ஜான் பைர்ன் திருப்பி எழுதியபோது கிரிப்டானையே உணர்ச்சி வற்றிப்போன, குளிர்ந்த ஒரு கிரகமாக ஆக்கினார். தொலைக்காட்சித் தொடரான ஸ்மால்வில்லில் 2003-லேயே, மனிதர்கள் குறையுள்ள இனம், அவர்களை வலிமையோடு ஆள வேண்டும் என்று ஜோர்-எல் விட்டுப்போன செய்தி வந்துவிட்டது. இவர் நினைவில் இருந்த அன்பான ஜோர்-எல், பல ஜோர்-எல்களில் ஒருவர்.

‘காமிக்ஸ்’ என்று ஒரே புத்தகம் இருப்பது மாதிரி பேசுகிறோம். சூப்பர்மேனை வலுவிழக்கச் செய்யும் கிரிப்டோனைட் கல்லே முதலில் வந்தது 1943-ல், வானொலித் தொடரில். ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி குவின் 1992-ல் கார்ட்டூனில் பிறந்து, அப்புறம்தான் காமிக்ஸுக்குக் குடிபோனாள். பெரிய சக்தி வந்தால் பெரிய பொறுப்பும் வரும் என்று பென் மாமா சொன்னதாக எல்லாரும் சத்தியம் பண்ணுவார்கள். 1962-ல் வந்த முதல் ஸ்பைடர்மேன் கதையில் மாமா அதைச் சொல்வதில்லை. கடைசிப் படக் கட்டத்தில், கதை சொல்லியின் வரியாக வருகிறது. 2002 படம் அதைக் காருக்குள் உட்கார்ந்து மாமா சொல்வதாக மாற்றியது. அந்த மாற்றத்தை யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் அது வேலை செய்தது.

பேட்மேன் கொல்ல மாட்டான் என்பதும் அப்படித்தான். 1939-ல் வந்த அவனுடைய முதல் கதையிலேயே ஒருவனை அமிலத் தொட்டிக்குள் குத்தித் தள்ளிவிட்டு, தக்க முடிவுதான் என்கிறான். 1940-ல் விமானத்திலிருந்து எந்திரத் துப்பாக்கியால் சுடுகிறான். அதற்குப் பிறகுதான் கொலை வேண்டாம் என்று ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் கட்டுப்பாடு போட்டார். கொல்லாத பேட்மேன்தான் எனக்கும் பிடிக்கும். அவனுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடுவேன். ஆனால் ‘ஆதியிலிருந்தே அப்படி’ என்று வாதாட மாட்டேன், அது பொய்.

நம் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. புதுச்சேரியில் கம்பன் விழா வருஷா வருஷம் நடக்கிறது. வால்மீகியின் ராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்குகிறான். கம்பனின் ராவணன் அவளைத் தொடாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான். இதை மேடையில் பேசுகிற யாரும் ‘வால்மீகியில் அப்படி இல்லை’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவதில்லை. இல்லை என்பதிலிருந்துதான் பேச்சே ஆரம்பிக்கிறது. ஏன் மாற்றினான், மாற்றியதால் ராவணன் என்ன ஆனான், அசோகவனத்தில் அந்த மாற்றம் எப்படி வந்து நிற்கிறது என்று போகும். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த நாம் ஒரு சூப்பர்ஹீரோ படத்தைப் பேசும்போது மட்டும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம்.

சரி, எப்படிப் பேசுவது? 2013-ல் வந்த மேன் ஆஃப் ஸ்டீலை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிப்டானிலிருந்து வந்த வில்லன் ஜோடின் கழுத்தை சூப்பர்மேன் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருக்கிறான். ஜோடின் கண்ணிலிருந்து பாயும் வெப்பக் கதிர் சுவரை அறுத்துக்கொண்டே, மூலையில் ஒடுங்கி நிற்கும் ஒரு குடும்பத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்கிறது. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறான். நிற்கவில்லை. கழுத்தை முறிக்கிறான். அப்புறம் மண்டியிட்டு அலறுகிறான், காதலி லோயிஸ் வந்து அணைத்துக்கொள்கிறாள்.

‘சூப்பர்மேன் கொல்ல மாட்டான்’ என்று இங்கே ஒரு கூட்டம் எழுந்துவிடும். கொன்றிருக்கிறான். 1988-ல் அதே பைர்ன் எழுதிய கதையில், ஜோடையும் கூட இருந்த இருவரையும் கிரிப்டோனைட்டை வைத்துக் கொல்கிறான். 1986-ல் ஆலன் மூர் எழுதிய கதையிலும் ஒரு எதிரியைக் கொல்கிறான். எனவே கொன்றானா என்பது பெரிய கேள்வி இல்லை. கொன்ற பிறகு கதை என்ன செய்தது என்று பாருங்கள். மூரின் கதையில், எவரையும் கொல்ல எனக்கு உரிமையில்லை என்று அவனே தன் சக்தியைத் துறந்துவிடுகிறான். பைர்ன் தொடங்கிவைத்ததை அவருக்குப் பின் வந்தவர்கள் விடவில்லை. சூப்பர்மேன் மனம் குலைந்து, தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் இரவில் வேறு முகமூடியோடு திரிந்து, கடைசியில் பூமிக்கு நான் ஆபத்து என்று விண்வெளிக்குப் போய்விடுகிறான். மாதக்கணக்கில் அந்தக் கொலையின் பாரம் கதையில் இருந்தது. படத்திலோ அந்த அலறலுக்கு அடுத்த காட்சியில் ராணுவத்தின் உளவு விமானத்தைக் கீழே போட்டுவிட்டு ஜெனரலிடம் இலகுவாகப் பேசுகிறான். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தின் மேல் இருக்கும் வருத்தம் இதுதான்: அவ்வளவு பெரிய மாற்றத்துக்கு உரிய விலையை அது கொடுக்கவில்லை. இதை மறுத்துப் பேசவும் இடம் இருக்கிறது. பேசுங்கள், கேட்கிறேன்.

இதே அளவுகோலை 2025 படத்துக்கும் வைத்துப் பாருங்கள். செய்தி கெட்டது என்று தெரிந்ததும் கிளார்க் உடைந்துபோகிறான், வளர்த்த அப்பா பண்ணை வீட்டில் உட்கார்ந்து பேசுகிறார். ஆரம்பத்தில் காயம் ஆறும்போது கிரிப்டான் பெற்றோரின் செய்தியைப் போடச் சொல்லிக் கேட்டவன், கடைசியில் கென்ட் தம்பதி தன்னைக் குழந்தையாக வளர்த்த பழைய வீடியோக்களைப் பார்க்கிறான். மாற்றம் பிடிக்கிறதோ இல்லையோ, படம் அதைத் தூக்கிச் சுமந்திருக்கிறது. அந்த மாணவி ஒரே கேள்வியில் தொட்ட இடம் இதுதான். ஒரு காமிக்ஸும் படிக்காமலே வந்துசேர்ந்திருந்தாள்.

அதனால் இப்போது எங்கள் கூட்டத்தில் ‘காமிக்ஸ்ல’ என்று ஆரம்பிப்பவர் தலைப்பு, ஆண்டு, எழுதியவர் மூன்றையும் சொல்லியாக வேண்டும். தெரியாது என்றால் பரவாயில்லை, படத்தைப் பற்றி மட்டும் பேசலாம். ‘படிச்சிருக்கியா?’ என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

டப்பிங்கை வைத்து நடிகரை எடைபோடுவது

நம் பக்கத்தில் அதிகம் நடப்பது இது. அவெஞ்சர்ஸ் படத்துத் தானோஸ் சும்மா கத்திக்கொண்டே இருக்கிறான், என்ன பெரிய வில்லன் என்று ஒரு தம்பி அடித்துப் பேசினான். அவன் பார்த்தது தமிழில் மட்டும். தானோஸாக நடித்த ஜோஷ் ப்ரோலின், 2018-ல் வந்த இன்ஃபினிட்டி வார் படத்தில் பெரும்பாலும் தாழ்ந்த குரலில், களைத்துப்போன ஒரு பெரியவர் மாதிரி பேசுகிறார். மகளை மலையுச்சியிலிருந்து தள்ளுவதற்கு முன் வரும் சில வரிகளை ஆங்கிலத்தில் போட்டுக் காட்டினோம். ரெண்டாவது தடவை போடச் சொன்னான், அதற்கப்புறம் பேச்சையே மாற்றிக்கொண்டான்.

தமிழில் பார்ப்பது தாழ்வு என்று சொல்லவில்லை. என் வீட்டில் எல்லாரும் தமிழில்தான் பார்க்கிறார்கள். டப்பிங் இன்னொருவர் நடிப்பு, வசனம் இன்னொருவர் எழுத்து, அவ்வளவுதான். 2019-ல் எண்ட்கேம் தமிழில் வந்தபோது வசனம் ஏ.ஆர்.முருகதாஸ், அயர்ன்மேனுக்குக் குரல் விஜய் சேதுபதி, பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா. பழகிய குரல் இல்லையே என்று ரசிகர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். அது நியாயமான விவாதம், ஆனால் குரலைப் பற்றிய விவாதம். அயர்ன்மேனாக ராபர்ட் டவுனி எப்படி நடித்தார் என்பது வேறு. எந்த மொழியில் பார்த்தீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

வசூல் கணக்கு

அது தயாரிப்பாளருக்கு.

நீ மார்வெலா, டிசியா?

கேட்காதீர்கள்.

ஒரே ஒரு பக்கத்தைப் போனில் காட்டுவது

2016-ல் கேப்டன் அமெரிக்கா, ஹைட்ரா என்ற எதிரி அமைப்புக்கு ஜே போடும் ஒரு காமிக்ஸ் கட்டம் உலகம் முழுக்கச் சுற்றியது. கேப்டனின் பாத்திரத்தையே கெடுத்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் அதைக் காட்டுகிறவர்கள் உண்டு. நினைத்ததை நிஜமாக்கும் காஸ்மிக் கியூபை வைத்து அவனுடைய கடந்த காலத்தையே மாற்றிவிட்டார்கள் என்று அடுத்த இதழிலேயே சொல்லிவிட்டார்கள். அந்தக் கதை நல்ல கதையா என்று சண்டை போடலாம், எனக்கும் அதில் குறைகள் உண்டு. ஆனால் அந்தக் கட்டத்தை மட்டும் காட்டி, கேப்டன் எப்போதுமே ஹைட்ரா ஆள்தான் என்று சாதிப்பது மோசடி.

1950, 60-களின் சூப்பர்மேன் அட்டைகள் இன்னும் ஆபத்து. நண்பனைத் தவிக்கவிடுவான், லோயிஸை அழவைப்பான். கடையில் தொங்கும்போது கண்ணை இழுக்க வேண்டும் என்று வரைந்தவை அவை. உள்ளே போனால் அதற்கு வேறு ஒரு காரணம் இருக்கும். முழுக்கதையும் படித்திருக்கிறேன் என்று சொல்பவரிடம் முந்தின பக்கத்தில் என்ன நடந்தது என்று கேட்பேன். பதில் வந்தால் மேலே பேசலாம். வராவிட்டால் போனைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன்.