பதற்றமான நாட்களில் தொண்டு அமைப்புகள் முதலில் காக்க வேண்டியது

ஊரில் கலவரச் சூழல் தெரிந்தால், உதவி பெறுபவர்களின் பெயர், முகவரி இருக்கும் பதிவேட்டை முதலில் பத்திரப்படுத்துங்கள். உடைந்த கண்ணாடியை மாற்றிவிடலாம். அந்தப் பட்டியல் வேண்டாதவர்கள் கையில் சிக்கினால் ஆபத்து ஒரு குடும்பத்தின் வாசலுக்கே போய்விடும். மேசை மீது திறந்தே கிடக்கும் வருகைப் பதிவு நோட்டையும் எடுத்துப் பூட்டுங்கள். பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நிகழ்ச்சியை ஒத்திவைக்கும் முடிவை யார் எடுப்பது என்று முன்பே பேசி வையுங்கள். அப்புறம், யாரும் தனியாக அலுவலகத்தைத் திறக்கவோ பூட்டவோ வேண்டாம். வீடு சேர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி போடட்டும். முகமும் இடமும் தெரியும் படங்களை அன்றைக்கு இணையத்தில் பகிராதீர்கள். மிரட்டல் வந்தால் பதில் சொல்லாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காவல்துறையிடம் கொடுங்கள். வர பயப்படும் தன்னார்வலரை வற்புறுத்தவே கூடாது.