மாறுகண்ணுக்கு எந்த அறுவை சிகிச்சை என்பதை முடிவு செய்வது எப்படி

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சேலத்திலும் ஏற்காட்டு எஸ்டேட் குடியிருப்புகளிலும் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. அதை நம்பிக் காத்திருக்கும் ஆண்டுகளில், குழந்தையின் மூளை விலகிய கண்ணைப் புறக்கணிக்கப் பழகி, அந்தக் கண் சோம்பல் கண்ணாகிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

முதலில் மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அரிதாகக் கண்ணுக்குள் இருக்கும் கட்டிகூட மாறுகண்ணாகத் தலைகாட்டும். பிளஸ் பவர், அதாவது தூரப்பார்வைக் குறை, இருந்தால் கண்ணாடி போட்டுச் சில வாரங்கள் பாருங்கள். கண்ணாடியிலேயே கண் நேராகிவிட்டால் அறுவை தேவையில்லை. ஓரளவு மட்டும் நேரானால், கண்ணாடி அணிந்த பின்னும் எஞ்சும் விலகல் கோணத்துக்கு மட்டுமே அறுவை செய்ய வேண்டும். முழுக் கோணத்தையும் திருத்திவிட்டால் கண் பின்னாளில் வெளிப்புறம் விலகக்கூடும். சோம்பல் கண் இருந்தால், நல்ல கண்ணை மறைத்துப் பார்வையைத் தேற்றும் சிகிச்சையை முன்னதாகவே தொடங்குவது நல்லது.

அடுத்தது அளவு. குழந்தை 33 செ.மீ. தொலைவில் ஒரு பொம்மையையும் 6 மீட்டரில் ஓர் எழுத்தையும் பார்த்திருக்க, மருத்துவர் கண்களை மாற்றி மாற்றி மூடி, விலகிய கண் துள்ளித் திரும்புவது நிற்கும்வரை, ஒளியை வளைக்கும் முப்பட்டகங்கள் வரிசையாக அமைந்த பிரிசம் பட்டையை ஒவ்வொரு படியாக நகர்த்துவார். எந்தத் தசையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவது என்பதை, துள்ளல் நின்ற படியின் பிரிசம் அளவே தீர்மானிக்கிறது. ஆகவே வெவ்வேறு நாள்களில் இருமுறையாவது அளந்து, அளவு மாறவில்லை என்று தெரிந்த பின்பே தேதி குறிப்பது பாதுகாப்பானது.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இயக்குகின்றன. தசையைப் பின்னுக்கு நகர்த்தித் தைத்தால் அதன் இழுப்பு தளரும். ஒரு பகுதியை வெட்டிச் சுருக்கினால் இறுகும். உள்நோக்கிய மாறுகண்ணுக்கு இரு கண்களிலும் உட்புறத் தசையைத் தளர்த்துவது வழக்கம். ஒரு கண்ணில் பார்வை நிரந்தரமாகக் குறைந்திருந்தால், அந்தக் கண்ணிலேயே உட்புறத் தசையைத் தளர்த்தி வெளிப்புறத் தசையை இறுக்குவதையே நான் விரும்புவேன். நல்ல கண்ணில் கத்தி படாமலிருப்பது பெரிய ஆறுதல். பெரியவர்களாயின், மயக்கம் தெளிந்தபின் முடிச்சைச் சரிசெய்யக்கூடிய தையல் பொருந்துமா என்று கேளுங்கள். சர்க்கரை நோயால் நரம்பு தளர்ந்து திடீரென வந்த மாறுகண் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகும். ஆறு மாதம் பொறுப்பது முறை.

இரண்டாம் முறை அறுவை தேவைப்படலாம் என்பதை முன்பே மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். இந்த அறுவைக்குப் பின் குழந்தைகள் வாந்தி எடுப்பது சகஜம். ஆகவே ஏற்காட்டுக்காரர்கள் அன்றே இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறாமல், ஓர் இரவு சேலத்திலேயே தங்குவது நல்லது.