நாகத்தை (துத்தநாகத்தை) இரும்பென்று நம்பாதீர்கள்: கொத்துப் புரதக் கட்டமைப்பில் வரும் தவறுகள்

மனித இழைமணிக்குள் இரும்பும் கந்தகமும் கொத்தாகச் சேர்வது ஐஎஸ்சியு என்ற புரதத்தின் மேல். கந்தகம் கொடுப்பது என்எஃப்எஸ்1. ஐஎஸ்டி11 அதைத் தாங்கிப் பிடிக்கும், பிரட்டாக்சின் வேலையை வேகப்படுத்தும். பிரட்டாக்சின் குறைந்தால் வருவதுதான் பிரீட்ரைக் அற்றாக்சியா என்ற நரம்பு நோய். இந்தப் புரதங்களின் வடிவத்தை அறிய அவற்றைப் பளிங்காக வளர்த்து எக்ஸ்-கதிர் பாய்ச்சுவார்கள். இலங்கையில் சிங்குரோத்திரன் (வலுவான எக்ஸ்-கதிர் தரும் இயந்திரம்) இல்லை என்பதால் யாழ்ப்பாணத்தில் பளிங்கு வளர்த்தாலும் அது கடல் கடக்கத்தான் வேண்டும். ஆனால் புரதக் கட்டமைப்புகளைச் சேர்த்துவைக்கும் இணையத்தளமான புரதத் தரவு வங்கி எல்லாருக்கும் இலவசம். திருநெல்வேலியில் ஒரு மடிக்கணினி இருந்தால் போதும், கட்டமைப்பை இறக்கிப் பார்க்கலாம். அப்படிப் பார்ப்பவரும் விழக்கூடிய குழிகள் இவை.

பெரிய குழி உலோகம். ஐஎஸ்சியுவை பற்றீரியாவில் தயாரித்துப் பிரித்தால், கொத்து உட்காரவேண்டிய சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களில் பெரும்பாலும் நாகம் ஏறியிருக்கும். இரும்புக்கு 26 இலத்திரன், நாகத்துக்கு 30. எக்ஸ்-கதிர்த் தரவிலிருந்து வரையும் இலத்திரன் அடர்த்திப் படத்தில் மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். நாகம் எக்ஸ்-கதிரை உறிஞ்சுவது சட்டென்று மாறும் அலைநீளம், அதாவது அதன் உறிஞ்சல் விளிம்பு, 1.283 அங்ஸ்ட்ரொமில் இருக்கிறது (ஒரு அங்ஸ்ட்ரொம் ஒரு மீற்றரின் ஆயிரங்கோடியில் ஒரு பங்கு). அதற்குச் சற்றுக் குறைந்த அலைநீளத்திலும் சற்றுக் கூடிய அலைநீளத்திலும் தரவு எடுங்கள். முதலாவதில் தெரிந்த உலோகச் சமிக்ஞை இரண்டாவதில் மங்கினால் அது நாகம். இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. ஐஎஸ்சியுவில் நாகம் இருந்தால் கொத்து உருவாகும் வழியே தடைப்படும் என்று 2019இல் காட்டினார்கள். அதற்கு முந்திய சில பரிசோதனை முடிவுகளை அந்தக் கண்ணோடுதான் வாசிக்கவேண்டும்.

நிறமும் ஏமாற்றும். என்எஃப்எஸ்1 மஞ்சளாக இருப்பது அதிலுள்ள விற்றமின் பி6 வடிவத்தால், கொத்தால் அல்ல. கொத்து ஏறிய ஐஎஸ்சியு செம்பழுப்பாக இருக்கும், காற்றுப் பட்டால் வெளுக்கும். ஒட்சிசன் இல்லாத பெட்டிக்குள் வேலைசெய்யாமல் கொத்து வரவில்லை என்று புரதத்தைக் குறைசொல்வது நியாயமில்லை.

அப்புறம், அழையாத விருந்தாளி. 2017இல் வந்த மனித என்எஃப்எஸ்1–ஐஎஸ்டி11 கட்டமைப்புகளில் ஐஎஸ்டி11ஐ ஒட்டி இன்னொரு புரதம் நின்றது. புரதத்தைத் தயாரிக்கப் பயன்படுத்திய பற்றீரியாவான ஈ.கோலியின் அசைல் காவிப் புரதம்! அதை அழுக்கென்று கழுவ முயன்றிருந்தால் நட்டம். மனித இழைமணியிலும் அதன் இணைப் புரதம் அதே இடத்தில் சேர்கிறது. அதே ஆண்டின் இரண்டு ஆய்வுகளில் ஒரே புரதங்கள் வெவ்வேறு விதமாக அடுக்கியிருந்தன. பிரட்டாக்சினோடு சேர்ந்த சிக்கலை 2019இல் உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் 3.2 அங்ஸ்ட்ரொமில் பார்த்தபோது, அந்த அடுக்குகளில் ஒன்றுதான் தெரிந்தது. ஒரு கோப்பை மட்டும் இறக்கி முடிவு எழுதவேண்டாம்.

புரதம் தயாரிக்கப் பற்றீரியாவுக்குள் முழு மரபணுவையும் அப்படியே போடுவதும் வழக்கமான பிழை. பிரட்டாக்சின் 210 அமினோ அமிலங்களாக உருவாகும். இழைமணிக்குள் நுழைந்தபின் முன்பகுதி வெட்டுப்பட்டு, முதிர்ந்த வடிவம் 81ஆவது அமினோ அமிலத்திலிருந்து தொடங்கும். அந்த முன்பகுதியோடு பளிங்கு கேட்டால் அது எளிதில் வராது. கணினி கணித்த புரத வடிவங்களைத் தரும் அல்ஃபாஃபோல்ட் தரவுத்தளத்தின் படத்திலும் அந்த முன்பகுதியைக் கவனியுங்கள். நம்பகம் குறைந்த நிறத்தில் கிடக்கும். உலோகம் அந்தப் படத்தில் இருக்கவே இருக்காது.