தீராத நோயைப் பேசும் நூலின் அட்டையில் விடியல் எதற்கு?

நாள்பட்ட நோயோடு வாழ்பவர்கள் எழுதும் நூல்களுக்கு அட்டை வரைய இளம் ஓவியர்கள் ஆர்வத்தோடு வருகிறார்கள். அவர்கள் காட்டும் முதல் வரைவுகளில், தொழிலுக்கு வந்த புதிதில் நான் வரைந்த அதே படங்களையே மீண்டும் மீண்டும் காண்பதால் இதை எழுதுகிறேன். ஸ்டெதஸ்கோப், மாத்திரை அட்டை, இசிஜி கோடு ஆகியவை வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, அவற்றை விட்டுவிடுகிறேன்.

முடியாத நோய்க்கு முடிவு வரைவது

இருண்ட பாதையின் கோடியில் எழும் சூரியன், பட்ட மரத்தில் துளிர்க்கும் ஒற்றைத் தளிர், திறந்த கூண்டிலிருந்து பறக்கும் பறவை ஆகிய மூன்றும் துன்பம் தீர்ந்துவிட்டது என்றே சொல்கின்றன. டைஃபாய்டில் விழுந்து எழுந்தவரின் கதைக்கு அவை பொருந்தலாம். சர்க்கரை நோய், முடக்குவாதம், லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்), சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றோடு வாழ்பவருக்கோ சிகிச்சை நாளையும் தொடரும், அடுத்த ஆண்டும் தொடரும். இதை அவர் உள்ளே பக்கம் பக்கமாகப் பொறுமையுடன் எழுதியிருக்க, அட்டை ஒரே பார்வையில் மறுத்துவிடுகிறது.

செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதிலாக இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் சிகிச்சை செய்துகொண்டு வாழும் ஒருவரின் நூலுக்கு ஒரு பதிப்பகம் இப்படித்தான் சூரியோதயத்தை அட்டையாக்கியது. புத்தகக் காட்சியில் அதைக் கையில் எடுத்த ஒரு பெண்மணி, "டயாலிசிஸ் இல்லாம குணமாகறதுக்கு இதுல வழி சொல்லியிருக்காங்களா?" என்று கடையில் இருந்தவரிடம் கேட்டதை நான் அருகில் நின்று கேட்டேன். அவர் கையில் கணவரின் பரிசோதனை அறிக்கைகள் அடங்கிய கோப்பு இருந்தது. அவர் கேட்டதில் பிழையே இல்லை. சர்க்கரை நோயையும் வலிப்பையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் நடுவண் அரசுச் சட்டம் ஒன்று தடைசெய்கிறது. ஆயினும் அத்தகைய விளம்பரங்கள் ஓயவில்லை, அவற்றில் இருப்பதும் இதே சூரியனும் இதே தளிரும்தான். அந்தப் படமொழியை நாம் கடன் வாங்கினால், நூலும் அந்த வரிசையில் போய் நின்றுவிடும்.

நூலாசிரியர் அட்டையை மாற்றியே ஆகவேண்டும் என்றார். பர்ஃபெக்ட் பைண்டிங் நூலில் அட்டை முதுகோடு பசையால் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்தெடுத்து, முதுகைச் சீவி, புது அட்டை ஒட்டி, மூன்று பக்கமும் மறுபடி வெட்ட வேண்டும். அப்படிச் செய்ததில் நூல் சற்றுச் சிறுத்தது, உள்ளோரம் குறுகி வரிகளின் முனைகள் மடிப்புக்குள் போயின. அட்டையோடு தொடர்புடைய எவரும் பின்னட்டை வாசகத்தைத் தாண்டிப் படித்திருக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

அப்படியானால் எதை வரைவது என்று கேட்பவர்களுக்கு, தீராத முதுகு வலியோடு வாழ்ந்த மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1944இல் தன்னையே வரைந்த 'உடைந்த தூண்' ஓவியத்தைக் காட்டுவேன். முதுகெலும்பின் இடத்தில் விரிசலிட்ட கல்தூண், உடலெங்கும் ஆணிகள், உடலை இறுக்கித் தாங்கும் வார்கள், கன்னங்களில் கண்ணீர், பின்னால் வெடித்துக் கிடக்கும் வெறும் நிலம். அவர் நிமிர்ந்து நின்று நம்மை நேராகப் பார்க்கிறார். குணமாகிவிடுவார் என்பதற்கான அடையாளம் ஒன்றுகூட அதில் இல்லை, அதற்காக அது நம்பிக்கையற்ற ஓவியமும் ஆகிவிடவில்லை.

ததும்பும் குவளை

நிறைந்த நீர் நமக்கு உயிரின் அடையாளம். டயாலிசிஸில் இருப்பவர்களில் பலருக்குச் சிறுநீர் பிரிவது குறைந்தோ நின்றோ போயிருக்கும். அவர்கள் தண்ணீரை அளந்தே குடிக்க வேண்டும், மிஞ்சினால் அது உடலில் தங்கி மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். ஒரு பனிக்கட்டித் துண்டை வாயிலிட்டுத் தாகத்தைச் சமாளிப்பவரின் நூலில் ததும்பும் குவளை, அவருக்கு மறுக்கப்பட்ட ஒன்றையே காட்டுகிறது. அது தெரிந்து வரைந்தால் அருமையான அட்டையாகும்.

செஞ்சிலுவை

கூடவே கூடாது, அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவதை 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் தடைசெய்கிறது.

வண்ணத்துப்பூச்சி

விடுதலையைக் குறிப்பதாக எண்ணி வரைகிறார்கள். லூபஸ் உள்ளவருக்கு அது மூக்கின் மேலும் இரு கன்னங்களிலும் படரும் சிவந்த தடிப்பின் வடிவம். தைராய்டு நோயாளிக்குக் கழுத்துச் சுரப்பியின் வடிவம்.

ஊதா ரிப்பன்

நோய் விழிப்புணர்வுக்காக அணியும் ரிப்பன்களில் வலிப்பு, லூபஸ், அல்சைமர் மூன்றுக்கும் ஊதாதான், அதை வைத்து நூல் எந்த நோயைப் பற்றியது என்று சொல்ல முடியாது.

ஃபிஸ்டுலா உள்ள கை

டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலா, ஆண்டுகள் செல்லச் செல்லத் தோலுக்கடியில் கயிறு போலப் புடைத்து வளைந்து தெரியும். விரல் வைத்தால் அதிர்வை உணரலாம். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்க மாட்டார்கள், இறுக்கமான வளையலோ கைக்கடிகாரமோ அணியவும் விடமாட்டார்கள். அண்மையில் ஒருவர் மிக அழகாக வரைந்துவந்த அட்டையில், புடைத்த சிரைக்கு மேலேயே இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை சுற்றியிருந்தது. பெரும்பாலும் அதிகம் புழங்காத கையில்தான் ஃபிஸ்டுலா அமைப்பார்கள் என்பதால், எந்தக் கை என்பதை நூலாசிரியரிடம் கேட்டே வரைய வேண்டும். தலைப்புக்கு இடம் போதவில்லை என்று கடைசி நேரத்தில் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடும் நம் பழக்கத்தையும் இங்கே கைவிட வேண்டும்.