பெங்களூரு நண்பன் வீட்டுக்குக் காரில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு என் சித்தப்பா மகன் கிருஷ்ணகிரியிலிருந்து கூப்பிட்டான். கார் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மதுரையிலிருந்து குடும்பத்தோடு பெங்களூரு போகிறான், ஹெப்பாலில் இருக்கும் நண்பனைப் பார்க்க. "அண்ணே, இன்னும் எண்பது கிலோமீட்டர்தான். ஆறரை மணிக்கு அவன் வீட்ல காபி" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கிருஷ்ணகிரி வரை வந்தவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவன் வீடு போய்ச் சேர்ந்தது பத்தே முக்காலுக்கு.

அந்த எண்பது கிலோமீட்டர் கணக்கை நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான். டயரில் காற்று, பாஸ்டேகில் பணம், பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை எல்லாம் வீட்டிலேயே யாராவது ஞாபகப்படுத்துவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

ஊர் எல்லையை வீட்டு வாசல் என்று நினைப்பது

மதுரையிலிருந்து பெங்களூரு சுமார் 435 கி.மீ. திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நெடுஞ்சாலை 44 நம்மை நேராகக் கொண்டுபோய் விடும். ஓசூர் வரை கார் பறக்கும். அந்த வேகத்துக்குப் பழகிய மனசு, மிச்ச தூரத்தையும் அதே வேகத்தால் வகுத்துவிடும். தப்பு அங்கேதான் நடக்கிறது.

ஓசூரை அடுத்துக் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டினால் சந்தாபுரா, பொம்மசந்திரா என்று ஒவ்வொரு இடமும் கொஞ்சம் நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். எலக்ட்ரானிக் சிட்டியில் மேம்பாலச் சாலை ஆரம்பிக்கிறது. 2010இல் திறந்தது, கிட்டத்தட்ட 10 கி.மீ. நீளம். சுங்கம் கட்டி ஏறினால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இறங்குவது நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்புப் பக்கம். மேலே மிச்சம் பிடித்த நேரத்தை அங்கே வட்டியோடு கட்ட வேண்டும். சரி, அதையும் கடந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஹெப்பால் இருப்பது நகரத்தின் வட கோடியில். வெளிவட்டச் சாலையில் இன்னும் 30 கி.மீ. பெல்லந்தூர், மாரத்தஹள்ளி, கே.ஆர். புரம் என்று வழி நெடுக ஐ.டி. அலுவலகங்கள். எல்லாம் விடுகிற நேரத்தில் நாம் போய் நிற்போம்.

என் கதையும் ஒரு வெள்ளிக்கிழமைதான். காலையில் ஒரு கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிவிட்டுப் பதினொரு மணிக்குக் கிளம்பினோம். மேப் ஏழு சொச்சம் மணி நேரம் என்றது; நம்பினேன். நண்பன் எனக்காக அரை நாள் லீவு போட்டிருந்தான். "மாப்ள, எங்க இருக்க?" என்று ஏழு மணிக்கு முதல் போன். "வந்துட்டே இருக்கேன்டா" என்றேன். அப்போது நான் பொம்மசந்திராவில் ஒரு சிமெண்ட் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கும் அதே கேள்வி, அதே பதில். அரை கிளட்ச்சிலேயே ஊர்ந்து ஊர்ந்து, மாரத்தஹள்ளி வரும்போது காருக்குள் கருகல் வாடை. ஊர் திரும்பியதும் கிளட்ச் பிளேட் மாற்றினேன். அந்தச் செலவைக்கூட மறந்துவிட்டேன்.

மறக்க முடியாதது வேறு. நண்பனின் அம்மா அந்த வாரம் அங்கே வந்திருந்தார். காலேஜ் நாளில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். என் பிள்ளைகளை அவர் பார்த்ததே இல்லை. ஒன்பதரை வரை சோபாவில் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் விடியலில் ஊருக்கு ரயில் என்பதால் படுக்கப் போய்விட்டாராம். நாங்கள் போனது பத்தேகால். காலையில் நான் எழுந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு டப்பா சீப்புச்சீடை இருந்தது, மூடியில் என் பெயரை எழுதி ஒட்டியிருந்தார். 435 கி.மீ. ஓட்டிப் போய் அவரைப் பார்க்காமல் வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காராமல் கிளம்பியிருந்தால்கூடப் பெரிதாக மாறியிருக்காது; அன்று கிளம்பியிருக்கவே கூடாது.

இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: அத்திப்பள்ளியைக் காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நடுவில் தாண்ட வேண்டும். சனிக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. மதுரையில் அதிகாலை 4 மணிக்கு வண்டியை எடுத்தால், ஏழு மணி வாக்கில் நாமக்கல் பக்கம் இட்லி, பதினொன்றுக்கு அத்திப்பள்ளி. காலையில் வேலை இருக்கிறது, மதியம்தான் கிளம்ப முடியும் என்றால் ஓசூரில் ஓர் அறை எடுத்துத் தூங்குங்கள். நண்பனிடம் "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்வதில் ஒரு குறைச்சலும் இல்லை. மேப்பில் கிளம்பும் நேரத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வசதி இருக்கிறது. முந்தின நாளே பாருங்கள்.

"பெங்களூரு" என்பதை விலாசமாக எடுத்துக்கொள்வது

நண்பனிடம் "வீடு எங்கே?" என்று கேட்காதீர்கள். "ஓசூரிலிருந்து நீ எப்படி வருவாய்?" என்று கேளுங்கள். ஒயிட்ஃபீல்டில் இருப்பவர் சில்க் போர்டு பக்கமே போக வேண்டாம் என்பார். அத்திப்பள்ளியில் வலது பக்கம் திரும்பி சர்ஜாபுரா, தொம்மசந்திரா, வர்த்தூர் வழியாகப் போய்விடலாம். கெங்கேரியில் இருப்பவர் எலக்ட்ரானிக் சிட்டி அருகே நைஸ் ரோடு என்கிற சுங்கச் சாலையைப் பிடிக்கச் சொல்வார். அங்கேயே குடியிருப்பவனுக்குத் தெரிந்த இந்தச் சங்கதியை நாம் கேட்பதே இல்லை.

அடுக்குமாடி வாசலில் முழிப்பது

பிளாக் பெயர், வீட்டு எண், விருந்தாளி வண்டி எங்கே நிற்கலாம் என்ற மூன்றையும் முதல் நாளே வாங்கி வையுங்கள். காவலாளி ஆப்பில் அனுமதி கேட்பார், நண்பன் அந்த நேரம் பார்த்துக் குளித்துக்கொண்டிருப்பான், பின்னால் நாலு கார் ஹாரன் அடிக்கும்.

இன்னொன்று, மேலே கேரியரில் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்கள் அடித்தளப் பார்க்கிங் வாசலில் உயரம் எழுதியிருக்கும் பலகையைப் படியுங்கள். தெரிந்தவர் ஒருவர் படிக்கவில்லை. கேரியரோடு சூட்கேஸும் உத்தரத்தில் சிக்கி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றார். கடைசியில் டயரில் காற்றை இறக்கித்தான் வண்டியை வெளியே எடுத்தார்கள்.

சொல்லாமல் போய் நிற்பது

வேண்டாம்.

வாழைத்தார் கொண்டுபோவது

இரண்டு படுக்கையறை வீட்டில் எங்கே தொங்கவிடுவார்கள்? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக் கிலோ போதும்.

ஊருக்குள்ளும் காரையே எடுப்பது

போய்ச் சேர்ந்தால் சாவியை ஆணியில் மாட்டிவிடுங்கள். மெட்ரோ இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் திறந்த பிறகு பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் தங்குகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆர்.வி. ரோடு வரை போய்ப் பச்சைத் தடத்துக்கு மாறினால் ஜெயநகர், லால்பாக், மெஜஸ்டிக் எல்லாம் கைக்கெட்டும் தூரம்.

திரும்பும் அன்று பலகாரத்துக்கு உட்காருவது

காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்திருப்போம். "இட்லி ஊத்திட்டேன் அண்ணா, அஞ்சு நிமிஷம்" என்று நண்பன் மனைவி சொல்வார். உட்கார்ந்தால் எட்டரை. நாங்கள் இப்போது இட்லியை டப்பாவில் கேட்டு வாங்கிக்கொண்டு, சூளகிரியில் மலை தெரிகிற மாதிரி ஓர் ஓரமாக நிறுத்திச் சாப்பிடுகிறோம். சாப்பிட்டதும் வண்டியில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். ஓட்டுகிறவருக்கு மட்டும் அது கிடையாது. வரும்போது ஏறி வந்த தொப்பூர் கணவாய் போகும்போது இறக்கம். கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரல் போடாதீர்கள். பாரம் ஏற்றிய லாரி பின்னால் நெருங்கினால் ஒதுங்கி வழிவிடுங்கள்.