குடியை நிறுத்தும் முதல் ஐந்து நாள்

தினமும் குடிப்பவர் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு "இன்றோடு விட்டேன்" என்று வந்தால் வீட்டாருக்கு நிம்மதிதான். ஆனால், காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் அடங்கும் என்ற நிலையில் இருப்பவர் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கயிறு கட்டட்டும், கூடவே மருத்துவமனைக்கும் போகட்டும்.

மது மூளையை மந்தமாக்கும். வருடக்கணக்கில் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்ட எந்நேரமும் முடுக்கத்திலேயே இருந்து பழகிவிடுகிறது. மது நின்றதும் முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்கு நாளும் இடமும் குழம்பும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தைத் தொலைக்க வேண்டாம். வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே 108.

புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். கடலூர்க்காரர்கள் அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கேட்கலாம். 'மனநலம்' என்ற பெயருக்குத் தயங்க வேண்டாம், குடிநோய்க்கான வைத்தியம் அங்கேதான். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 (மனநல உதவி எண்) அல்லது 14446-ஐ (போதை மீட்பு உதவி எண்) அழையுங்கள்.

டாக்டரிடம் அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் குறைந்துவிடும். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஊரில் குடித்தது, புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைக்குப் போய்க் குடித்தது எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லுங்கள். கடைசியாகக் குடித்த நேரம், முன்பு வந்த வலிப்பு, மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி, சாப்பிடும் மாத்திரைகள், இவற்றையும் மறைக்காதீர்கள்.

நடுக்கத்துக்குக் குளோர்டயாசிபாக்சைடு போன்ற மாத்திரையைத் தொடங்கி, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபாம். இவற்றை நீங்களே மெடிக்கலில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். இன்னொரு தவறு, நேராகக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வது. குடிப்பவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வறண்டிருக்கும். அந்த ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்பட்டு, நினைவாற்றல் நிரந்தரமாகப் போகக்கூடும். "தயமின் போட்டாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

உடம்பு தேறுவது பாதி வேலைதான். மறுபடி குடிக்கத் தோன்றும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இருக்கின்றன. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். டைசல்பிராம் வேறு ரகம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. "தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடிகளை நம்பவே வேண்டாம். அதில் இந்த மருந்து இருந்து, விஷயம் தெரியாதவர் வழக்கம்போல் ஒரு குவார்ட்டர் போட்டால் உயிரே போகலாம்.

பழைய கூட்டாளிகளையும் சம்பள நாளையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்; முதல் சில மாதம் சம்பளம் வீட்டார் கைக்கு வருமாறு அவரோடு பேசி முடிவு செய்யலாம். தவறி மீண்டும் குடித்துவிட்டால் திட்டி அறையில் பூட்டாதீர்கள். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் அடுத்த முறையும் வீட்டிலேயே நிறுத்தப் பார்க்காமல் மருத்துவமனைக்கே கூட்டிப்போங்கள். இப்படி விட்டு விட்டுத் தொடங்குபவருக்கு ஒவ்வொரு முறையும் வலிப்பு வரும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.